நாள் கடந்தும் காத்திருந்தோம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், இங்கிலாந்தில் வசிக்கும் பழைய மாணவிகளான சகோதரிகள் இருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருவரும் சேர்ந்து ஓர் இருபது நிமிடம் பேசுங்கள், வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றியென்றால் நல்லது" என்று விழாக் குழுவினர் கேட்டிருந்தார்கள். குளிர், பனி, வேலை, பிள்ளைகளின் தமிழ் என்று அந்த வாழ்க்கையைப் பற்றிப் பலர் பேசிவிட்டார்கள். எங்களுக்குச் சொல்ல இருப்பது ஒரு குதிரையின் பிரசவம். இந்த மண்டபத்தில் பரிசளிப்பு விழாக்களும் நாடகங்களும் நடந்திருக்கின்றன. குதிரைப் பிரசவம் பற்றி ஒருவரும் இதுவரை பேசியிருக்க மாட்டார்கள் என்ற துணிவில் வந்திருக்கிறோம். சிரிக்க விரும்புபவர்கள் சிரிக்கலாம். கடைசியில் மாணவிகளிடம் கேட்க ஒரு விடயம் வைத்திருக்கிறோம்.

எங்களை அறியாத தங்கைமாருக்காக ஒரு சிறு அறிமுகம். எங்களில் மூத்தவள் மருத்துவமாதுவாக முப்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்து ஓய்வுபெற்றவள். இளையவள் பாடசாலையில் உயிரியல் படிப்பித்தவள். இருவருக்கும் விலங்கியலில் ஆசை பிறந்தது இந்தக் கல்லூரியின் ஆய்வுகூடத்தில்தான். ஓய்வுக்குப் பிறகு நகரத்தை விட்டு ஒரு நாட்டுப்புறக் கிராமத்துக்குக் குடிபோனோம். வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் புல்வெளி. அதற்கு அடுத்த வளவில் எண்பது வயது கடந்த ஓர் ஆங்கிலேய அம்மா, தனியாக, ஆறு குட்டைக் குதிரைகளோடு.

குட்டைக் குதிரை என்றால் எவ்வளவு குட்டை என்று கேட்பீர்கள். ஸ்கொட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெற்லாண்ட் தீவுகளின் குதிரை இனம் அது. அந்த இனத்தில் பெரியவை 42 அங்குலம் வரை வளரும். 34 அங்குலத்துக்கு மேற்படாதவையை 'மினியேச்சர்' என்று தனியாக வகைப்படுத்துவார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் உயரம் 30 அங்குலம். அந்த மேசையைவிடச் சற்று உயரமான, தடித்த பிடரிமயிர் கண்ணை மறைக்கிற, பீப்பாய் போன்ற வயிறுள்ள ஒரு முழுக் குதிரையை நினைத்துக்கொள்ளுங்கள். பொம்மை மாதிரி இருக்கும். ஆனால் குணத்திலும் பலத்திலும் குதிரைதான்.

இந்தக் குதிரைகளின் சரித்திரத்தில் ஒரு பக்கம் பெண் பிள்ளைகளோடு சம்பந்தப்பட்டது. பெண்கள் கல்லூரி ஒன்றின் நூற்றாண்டில் அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் முன்னொரு காலம் பெண்களும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் நிலத்துக்கு அடியில் கரித் தொட்டிகளை இழுத்தார்கள். 1842ஆம் ஆண்டில் பாராளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்து, பெண்களும் சிறுமிகளும் பத்து வயதுக்கு உட்பட்ட பையன்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடைசெய்தது. அதன் பிறகு, தாழ்ந்த கூரையுள்ள சுரங்க வழிகளில் தொட்டி இழுக்கக் குட்டைக் குதிரைகளின் தேவை பெருகியது. 1870இல் லண்டன்டெரிப் பிரபு, தன்னுடைய சுரங்கங்களுக்கென்றே குட்டையும் பலமுமான குதிரைகளைப் பெருக்குவதற்காக ஷெற்லாண்டின் பிரெஸே, நொஸ் என்ற தீவுகளில் பண்ணை அமைத்தார். 1890இல் இந்த இனத்துக்கென வம்சப் பதிவேடு தொடங்கப்பட்டது. ஆக, சிறுமிகள் இறங்கி வந்த இடத்துக்கு இந்தக் குதிரைகள் இறங்கிப் போயின. அந்த அம்மா இதை எங்களுக்குச் சொன்ன நாளிலிருந்து நாங்கள் அவற்றைப் பொம்மை என்று சொல்வதை விட்டுவிட்டோம்.

அந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வீட்டில் தனியாக இருக்க முடியாமல் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. ஐந்து குதிரைகளுக்கு வேறு வீடுகள் கிடைத்தன. ஆறாவது ஒரு பெட்டை. பெயர் ஹெதர், வயது பதினொன்று, அப்போது சினையாக இருந்தது. "இவளை உங்களிடம் விட்டால் நான் நிம்மதியாகப் போவேன்" என்றார். நாற்பது வருடமாக அவர் வளர்த்துவந்த வம்சத்தில் கடைசிக் குட்டி ஹெதரின் வயிற்றில் இருந்தது. நாங்கள் மறுக்கவில்லை. அவர் ஒரு பழைய குறிப்புக் கொப்பியையும் தந்தார். அதில், மே மாதம் 20ஆம் திகதி ஹெதர் கடைசியாகச் சேர்ந்ததாகவும், மறுநாள் ஆண் குதிரை வளவை விட்டுப் போனதாகவும் பென்சிலால் எழுதியிருந்தது. எங்கள் கணக்கு அந்தத் திகதியில் தொடங்குகிறது.

பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதமும் சில நாளும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குதிரைக்குப் பதினொரு மாதம். சராசரி 340 நாள் என்று புத்தகங்கள் சொல்லும். ஆனால் 320இலிருந்து 365 வரை எந்த நாளில் ஈன்றாலும் அதை வழமை என்றே மிருக வைத்தியர்கள் கொள்வார்கள். அதற்கு மேலும் போய் நல்ல குட்டி ஈன்ற குதிரைகள் உண்டு. இனம், பருவகாலம், பகல் வெளிச்சத்தின் அளவு, குட்டி ஆணா பெண்ணா என்பது, எல்லாம் நாளை முன்பின்னாக்கும். குதிரை வளர்ப்பவர்களிடையே ஒரு பேச்சு இருக்கிறது: நாளைக் குட்டி முடிவுசெய்யும், நேரத்தைத் தாய் முடிவுசெய்யும். அந்த அம்மா அதை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தார். கேட்கும்போது அழகாகத்தான் இருந்தது.

சித்திரை வருடப்பிறப்பு வந்தது. அது 329ஆம் நாள். பொங்கிய கையோடு தொழுவத்துக்குப் போய்ப் பார்த்தோம். மடி இறங்கத் தொடங்கியிருந்தது. குதிரைக்கு ஈனுவதற்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்கு முன்னர் மடி பெருக்கும். "மாத முடிவுக்குள் குட்டி" என்று கணித்தோம். ஏப்ரல் 25 வந்தது, 340ஆம் நாள். ஒன்றும் இல்லை. மே தொடங்கியது. 350 வந்தது. மடி அப்படியே நின்றது. வயிறு பக்கவாட்டில் அகன்று, நடந்தால் இரு பக்கமும் ஆடியது. ஹெதர் புல்லை மேய்ந்துகொண்டே எங்களைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் தொடங்கியது ஒரு வாக்குவாதம். மூத்தவள் மருத்துவமாது. மனிதப் பிரசவத்தில் நாற்பது கிழமை முடிந்து நாற்பத்தொன்றைக் கடந்தால், பிரசவத்தைத் தூண்டுவது பற்றித் தாயோடு பேசத் தொடங்குவது அவள் பழகிய முறை. நாள் கூடக் கூட இளங்கொடியின் வேலை குறையலாம், குழந்தைக்கு ஆபத்துக் கூடலாம் என்பது அவள் கைகளில் ஊறிய அறிவு. "காத்திருந்து இழந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன், நீ காணவில்லை" என்று தங்கையிடம் சொன்னாள். அந்தப் பேச்சுக்குத் தங்கையிடம் பதில் இருக்கவில்லை. மிருக வைத்தியரை அழைத்தோம்.

வந்தவர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் பிள்ளை. சேறு படிந்த சப்பாத்து, மார்பளவு வரும் இறப்பர் மேலங்கி. ஹெதரின் வயிற்றின் மேல் ஸ்கான் கருவியை வைத்துக் குட்டியின் இதயத் துடிப்பைக் காட்டினார். இளங்கொடியின் தடிப்பை அளந்தார். எல்லாம் சரி என்றார். மூத்தவள் கேட்டாள்: "மருந்து கொடுத்துப் பிரசவத்தைத் தூண்டலாமா?"

அந்த வைத்தியப் பிள்ளை தந்த விளக்கத்தை இன்றைய உயர்தர உயிரியல் மாணவிகள் கவனித்துக் கேளுங்கள். குதிரைக் குட்டி வயிற்றுக்குள் முதிர்வது கடைசி நாலைந்து நாளில்தான். அந்த நாள்களில் குட்டியின் உடலில் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் உயருகிறது. சுவாசப்பை, குடல், எல்லாம் வெளியுலகுக்குத் தயாராவது அதற்குப் பிறகுதான். இந்த உயர்வு நடக்குமுன் மருந்தால் வெளியே எடுத்தால், 350 நாள் ஆன குட்டியும் குறைமாதக் குட்டியாகவே பிறக்கும். முழங்கால் எலும்புகள் இறுகியிருக்காது, எழுந்து நிற்காது, பால் உறிஞ்சாது. மனிதக் குழந்தை ஒரு வருடம் தொட்டிலில் கிடக்கலாம். காட்டில் ஓடிப் பிழைக்க வேண்டிய இனத்துக் குட்டி ஒரு மணி நேரத்தில் நிற்க வேண்டும். ஆகையால் குதிரையைப் பொறுத்தவரை காலண்டர் சொல்லும் நாளை நம்பி அவசரப்படக்கூடாது, உடல் காட்டும் அடையாளத்தை நம்ப வேண்டும். நாள் கடந்த குட்டி பெருத்துவிடும் என்ற பயமும் பெரும்பாலும் வேண்டியதில்லை. நீண்ட நாள் சுமக்கப்பட்ட குட்டிகள் அநேகமாக அளவான உடலோடோ அதிலும் சிறிதாகவோதான் பிறக்கின்றன.

அதோடு அவர் இரண்டு ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொன்னார். முதலாவது, குட்டை இனங்களில் குட்டியின் தலை தாயின் இடுப்பெலும்பு வழிக்குப் பெரிதாக இருப்பதால் சிக்கல் பிரசவம் மற்றைய குதிரைகளைவிட அதிகம். இரண்டாவது, நிறைமாதக் குட்டைக் குதிரை சாப்பாட்டை விட்டால், உடலிலுள்ள கொழுப்பு கட்டுக்கடங்காமல் கரைந்து இரத்தத்தில் கலக்கும். இரத்தம் பால் போல வெளுக்கும். ஈரல் தாங்காது. நாலைந்து நாளில் தாயும் போகும், குட்டியும் போகும். "அவள் வாளியைத் திரும்பிப் பார்க்காத நாளில் என்னை அழையுங்கள், இரவு பகல் பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாள் 358இல் வந்தது. காலையில் வாளி அப்படியே இருந்தது. ஹெதர் மூலையில் தலை குனிந்து நின்றாள். வைத்தியப் பிள்ளை வந்து இரத்தம் எடுத்துக்கொண்டு போனார். முடிவு வர மாலையாகிவிட்டது. கொழுப்பு சற்று ஏறியிருந்தது, ஆபத்தான அளவுக்கு வரவில்லை. எப்படியாவது உண்ணச் செய்யுங்கள் என்றார். இரண்டு மணிக்கு ஒரு தடவை இளம் புல்லைக் கையால் பிடுங்கிக் கொண்டுபோய் உதட்டில் தேய்த்தோம். கரட்டைத் துருவினோம். அப்பிளை மெல்லிசாய் அரிந்தோம். ஊரில் அம்மா பட்டினி கிடந்த பசுவுக்குப் பூவரசங் குழையைத் தானே மென்று காட்டுவது போல் நடித்து ஊட்டியது எங்களுக்கு நினைவு வந்தது. நாங்களும் நடித்தோம். ஒருத்தி புல்லைப் பிடிக்க, மற்றவள் முதுகைத் தடவ, இரண்டு இரவு போனது. மூன்றாம் நாள் விடியற்காலை ஹெதர் துருவிய கரட்டை ஒதுக்கிவிட்டு, வாளியைக் காலால் தட்டிக் கேட்டாள். அந்தச் சத்தத்தைவிட இனிய சங்கீதத்தை அந்த மாதத்தில் நாங்கள் கேட்கவில்லை.

முதியோர் இல்லத்திலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி வரும். "வந்துவிட்டதா?" என்று ஒரே கேள்வி. "இன்னும் இல்லை" என்று ஒரே பதில். 358ஆம் நாளில் என்ன சொல்வது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். படுக்கையில் இருக்கும் கிழவியைக் கலங்கச் செய்ய வேண்டுமா என்று இளையவள் தயங்கினாள். நாற்பது வருடம் குதிரை வளர்த்தவருக்கு மறைப்பது மரியாதை இல்லை என்றாள் மூத்தவள். உள்ளதைச் சொன்னோம். மறுமுனையில் சற்று நேரம் மௌனம். பிறகு, "அவளுக்குப் புதினா பிடிக்கும், வாளியின் மேல் கசக்கிப் போடுங்கள்" என்றார். போட்டோம். வாளியைத் தட்டியது புதினாவாலா, கரட்டாலா, தானாகவா என்பதை ஹெதர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மம்மா நெடுந்தீவுக்காரி. அந்தத் தீவில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை இன்றும் கட்டாக்காலியாகத் திரிவதை நீங்கள் அறிவீர்கள். இங்குள்ள மாணவிகளில் சிலர் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். "மனுசர் பார்க்க அவை குட்டி போடாது, விடியப் போனால் குட்டி பக்கத்தில் நிற்கும்" என்பார் அம்மம்மா. சிறுவயதில் அதை ஒரு கதையாகக் கேட்டோம். அது விஞ்ஞானமும்தான். பெட்டைக் குதிரைகளில் பெரும்பாலானவை இரவில் ஈனுகின்றன. சூழல் அமைதியாகும் வரை பிரசவத்தின் தொடக்கத்தைச் சற்றுத் தள்ளிப்போடவும் அவற்றால் முடியும். கல்முருகை மதிலும் வெளியும் உள்ள தீவில் அவற்றுக்குத் துணைக்கு ஒருவரும் இல்லை. வரட்சியில் தண்ணீர் இல்லாமல் மடிந்தவையும் உண்டு. தாமாக ஈன்று பிழைத்தவையே இன்று நிற்கின்றன. எங்கள் ஹெதருக்கோ தொழுவம், கமெரா, வைத்தியர், இரண்டு கிழவிகள். யார் கொடுத்து வைத்தவர் என்று ஹெதரிடம் கேட்டால் என்ன சொல்வாளோ தெரியாது.

ஒவ்வொரு மாலையும் மடியிலிருந்து ஒரு துளி பாலை எடுத்து அமிலத்தன்மை காட்டும் தாளில் தொட்டுப் பார்த்தோம். ஈனும் காலம் நெருங்க நெருங்கப் பாலின் சுண்ணாம்புச் சத்து கூடும், பிஎச் அளவு இறங்கும். 6.4க்குக் கீழே போனால் ஒரு நாளுக்குள் ஈனலாம் என்பது கணக்கு. 365ஆம் நாள், ஒரு முழு வருடம், தாள் 7இல் நின்றது. 367இலும் அப்படித்தான். 368ஆம் நாள் மாலை, மே மாதம் 23ஆம் திகதி, தாள் மஞ்சளாக மாறி 6.2 காட்டியது. முலைக்காம்பின் நுனியில் மெழுகு போன்ற மணி இரண்டு. வால் அடியில் தசை இளகி, தொட்டால் கூழ் போல இருந்தது. சுடுதண்ணீர், துவாய், அயடீன், ரோச் எல்லாவற்றையும் எடுத்துவைத்தோம். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு கமெராவுக்கு முன் உட்கார்ந்தோம்.

சாமம் இரண்டு மணி கடந்து பத்து நிமிடம். ஹெதர் சுற்றிச் சுற்றி நடந்தாள், வியர்த்தாள், படுத்தாள், எழும்பினாள். இரண்டு நாற்பதுக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. இனி நேரம் கணக்கில் ஓடும். குதிரைக்கு இந்தக் கட்டம் இருபது முப்பது நிமிடம். அதற்கு மேல் போனால் குட்டி பிழைப்பது அரிது. வைத்தியப் பிள்ளைக்கு அழைத்தோம். அவர் வந்து சேர நாற்பது நிமிடம். அந்தக் கணக்கு எங்கள் மூவருக்கும் விளங்கியது. ஒலிபெருக்கியில் தொலைபேசியை வைக்கோல் மேல் வைத்தோம்.

வெண்மையான சவ்வு தெரிந்தது. நல்லது. இளங்கொடி முன்னதாகக் கழன்றிருந்தால் சிவப்புப் பை வரும். உடனே வெட்டாவிட்டால் குட்டிக்கு மூச்சு நின்றுவிடும். அது இல்லை. அடுத்து இரண்டு முன்னங்கால்கள், ஒன்று மற்றதற்குச் சற்று முன்னே, அவற்றின் மேல் மூக்கு, இதுதான் ஒழுங்கு. எங்களுக்குத் தெரிந்தது ஒரு கால், மூக்கு. மற்றக் காலைக் காணோம். ஹெதர் முக்கினாள். ஒன்றும் நகரவில்லை.

"முழங்கை இடுப்பில் கொளுவியிருக்கும். குட்டை இனத்தில் வரும். அவளை எழுப்பி நடத்துங்கள், முக்குவது குறையும். பிறகு கையை உள்ளே விட்டுப் பாருங்கள்" என்றது தொலைபேசி. இளையவள் ஹெதரை எழுப்பினாள். மூத்தவள் தோள் வரை கழுவினாள். முப்பது வருடம் மனிதப் பிள்ளைகளை ஏந்திய கை. நல்லவேளை, சின்னக் கை. குட்டியை ஒரு நோவுக்கும் அடுத்த நோவுக்கும் இடையில் சற்று உள்ளே தள்ளி, கொளுவிய காலின் குளம்பை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்து, தாயைக் கிழிக்காமல் முன்னே எடுத்தாள். நேரம் இரண்டு ஐம்பத்தாறு. ஹெதர் மீண்டும் படுத்தாள். அவள் முக்கும்போது மட்டும், அவளுடைய பின்னங்காலை நோக்கிக் கீழ்ப்பக்கமாக, இருவருமாக இழுத்தோம். அவள் நிறுத்தினால் நாங்களும் நிறுத்தினோம். மூன்று மணி மூன்று நிமிடத்துக்குக் குட்டி முழுவதுமாக வைக்கோலில் கிடந்தது.

மூக்கைத் துடைத்தோம். மூச்சு வந்தது. வைத்தியப் பிள்ளையின் வாகன வெளிச்சம் படலையில் விழும்போது மணி மூன்று இருபது. "நான் வராமலே முடித்துவிட்டீர்களா?" என்றார். அவருடைய குரல் இல்லாமல் அதை முடித்திருக்க முடியாது என்று சொன்னோம். அது உபசார வார்த்தை இல்லை.

பிறந்த குட்டியின் குளம்பைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். மெல்லிய விரல்கள் போல ஒரு மென்சதை குளம்பை மூடியிருக்கும். தாயின் கருப்பையைக் குளம்பு கிழிக்காதபடி இயற்கை போட்டுவிட்ட உறை அது. நடக்கத் தொடங்கியதும் தேய்ந்து போய்விடும். குட்டி ஐம்பது நிமிடத்தில் நாலு காலில் நின்றது, இரண்டு மணிக்குள் பால் தேடிக் குடித்தது. முதல் பால், நாம் கடும்பு என்று சொல்வது, குதிரைக்கு உயிர்ப் பிரச்சினை. மனிதத் தாயின் நோயெதிர்ப்புச் சத்து பிள்ளைக்கு வயிற்றிலேயே கிடைக்கிறது. குதிரையின் இளங்கொடி அதைக் கடத்தாது. குட்டி வெறுங்கையோடு பிறக்கிறது. முதல் சில மணி நேரம் திறந்திருக்கும் குடல் ஒரு நாளுக்குள் அந்த வாசலை மூடிவிடும். அதற்குள் குடித்தது குடித்ததுதான். ஊரில் கடும்பில் பெரும்பங்கைக் கன்றுக்கு விடு என்று அம்மாமார் அடம்பிடித்தது வீண் பேச்சில்லை.

மூன்று மணி நேரத்துக்குள் இளங்கொடியும் விழுந்தது. வைத்தியப் பிள்ளை அதை வைக்கோலில் விரித்து, இரண்டு கொம்புகளின் நுனியும் முழுதாக இருக்கின்றனவா என்று பார்த்தார். ஒரு சிறு துண்டு உள்ளே தங்கினாலும் தாய்க்கு விசம். எங்கள் ஊரில் பசுவின் இளங்கொடியை உமலில் போட்டுப் பால் உள்ள ஆலமரத்தில் கட்டும் வழக்கத்தை அவருக்குச் சொன்னோம். ரசித்துக் கேட்டார். கட்டுவதற்கு அங்கே ஆலமரம் இல்லை.

அன்று காலை ஏழு மணிக்குத் தொலைபேசி வந்தது. "வந்துவிட்டதா?" "வந்துவிட்டது. பெட்டை. இருவரும் சுகம்." மறுமுனையில் அந்த அம்மா நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கால்கள்?" என்று கேட்டார். "நாலும் நேர்" என்றோம். மூன்று கிழமை கழித்துச் சக்கர நாற்காலியில் வேலியருகே கொண்டுவந்தார்கள். குட்டி அவருடைய கம்பளியைக் கடித்து இழுத்தது. "இவளுடைய பெயரை நீங்கள்தான் வைக்க வேண்டும், இனி இது உங்கள் வம்சம்" என்றார். வைகாசியில் பிறந்ததால் வைகாசி என்று வைத்தோம். கிராமத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உச்சரிக்கிறார்கள். அவள் எல்லாவற்றுக்கும் திரும்புகிறாள். அந்த அம்மா அடுத்த மாரியில் காலமானார். அதுவரை ஏழு மணித் தொலைபேசி நிற்கவில்லை. கேள்விதான் மாறியது: "இன்று என்ன செய்தாள்?"

மாணவிகளிடம் கேட்க வந்த விடயத்துக்கு வருகிறோம்.

அந்த நாற்பது நாளில் நாங்கள் கண்டது இதுதான். காத்திருப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்றும் தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது ஒரு வகை. எதைப் பார்க்க வேண்டும், எந்த அளவு தாண்டினால் ஓட வேண்டும், எது வரை தொடக்கூடாது என்று தெரிந்து காத்திருப்பது மற்ற வகை. இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தவர் முப்பது வயது தாண்டாத ஒரு மிருக வைத்தியர். 350ஆம் நாளில் எங்கள் பயத்துக்கு இணங்கி அவர் ஊசி போட்டிருந்தால், வைகாசி எழுந்து நின்றிருக்க மாட்டாள். "இப்போது வேண்டாம்" என்று மூத்தவர்களிடம் நிமிர்ந்து சொல்வதற்கு அறிவும் வேண்டும், துணிவும் வேண்டும்.

எங்கள் காலத்தில் உயிரியல் படித்த பிள்ளை என்றால் வைத்தியர் ஆக வேண்டும். புள்ளி போதாவிட்டால் பல் வைத்தியம், அதுவும் இல்லாவிட்டால் மிருக வைத்தியம் என்று வீட்டில் படிவரிசை போட்டார்கள். இன்றும் பெரிதாக மாறவில்லை என்று அறிகிறோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. எங்கள் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு பசுவும் ஆடும் கோழியும் இருக்கின்றன. நெடுந்தீவில் குதிரைகள் நிற்கின்றன. இரவு இரண்டு மணிக்குக் கன்று குறுக்கே நிற்கும்போது யாரை அழைப்பது என்று தெரியாமல் நிற்கும் வீடுகள் எத்தனை! ஒரு பசு போனால் ஒரு குடும்பத்தின் வருமானம் போகிறது. ஆகையால், இங்கே இருக்கும் மாணவிகளில் ஒருத்தியாவது அந்தப் படிப்பைக் கடைசியாக எழுதாமல் முதலாவதாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பெற்றோர் தயங்கினால் எங்களிடம் அனுப்புங்கள். நாங்கள் பேசுகிறோம். அப்படி ஒரு பிள்ளை போகும்போது, புத்தகச் செலவுக்கு நாங்கள் இருவரும் பொறுப்பு. இதை அதிபரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டோம்.

இந்தக் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுகூடத்தில் தவளையின் இதயம் துடிப்பதை முதன்முதல் பார்த்தபோது, எங்கள் ஆசிரியை கத்தியைக் கையில் தருவதற்கு முன், "முதலில் பத்து நிமிடம் பார், பிறகு தொடு" என்றார். அவர் இன்று நம்மிடையே இல்லை. அந்தப் பத்து நிமிடம் எங்கள் கையில் இன்னும் இருக்கிறது. நூறு வருடத்தில் இப்படி எத்தனை ஆசிரியைகள், எத்தனை கைகள்! அவர்கள் எல்லோருக்கும் தலை வணங்குகிறோம்.